இருட்டறையில் ஒளிர்ந்த என் இரத்தம்

என் வலது கண் வெளியே வந்துகொண்டிருக்கிறது என்று எனக்கு முதலில் சொன்னவர் ஒரு தோணித் தண்டல். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்குத் தோணி ஓட்டுகிறவர். ஏதோ கப்பல் ஆபீஸ் காகிதத்துக்குப் போட்டோ வேண்டும் என்று தூத்துக்குடியில் இருக்கும் என் ஸ்டூடியோவுக்கு வந்திருந்தார். கேமராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து, "தண்டல், தாடையைக் கொஞ்சம் தாழ்த்துங்க" என்றேன். அவர் தாழ்த்தவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலே கஸ்பாரு, ஒன் வலது கண்ணு மட்டும் என்னைய அதிகமா பாக்கு" என்றார்.

நான் சிரித்துவிட்டுப் படத்தை எடுத்தேன். எழுபதுகளின் நடுப்பகுதி அது. புதுத் துறைமுகத்தில் பெரிய கப்பல்கள் வர ஆரம்பித்திருந்தன. கப்பல் வேலைக்குப் போக நினைக்கிற பையன்கள் எல்லோருக்கும் பாஸ்போர்ட் படம் தேவைப்பட்டது. என் கண்ணை நானே பார்த்துக்கொள்ள நேரமில்லாத காலம்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. நெகடிவில் இருக்கும் அம்மைத் தழும்பையும் பருவையும் கூரான பென்சிலால் தொட்டு மறைப்பது எங்கள் தொழிலில் ஒரு பகுதி. ஒருநாள் பென்சிலுக்கு இரண்டு முனை தெரிந்தது. ஒரு கண்ணை மூடினால் ஒன்றாகிவிட்டது. வெளியே போனால் காற்றில் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டும். எங்கள் ஊரில் லேஞ்சி என்கிற கைக்குட்டையை மடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டே நடப்பேன். என் மகள் பிலோமினா அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். சாப்பிட உட்கார்ந்தபோது, "ஏம்ப்பா என்னைய மொறைக்கிய?" என்று கேட்டு அழுதாள். நான் அவள் தட்டில் மீன் வைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

என் மனைவி ரெஜினா அன்றைக்கு அவளை மடியில் வைத்து ஊட்டினாள். மறுநாள் காலையில் குசினியிலிருந்து காப்பியோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"தூங்கும்போது ஒங்க வலது கண்ணு முழுசா மூட மாட்டேங்கு. கீழ வெள்ளை தெரியுது. நான் ரொம்ப நாளா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா பயப்படுவியன்னு நெனைச்சேன். இப்ப எனக்குப் பயமா இருக்கு. அதான் சொல்லுதேன்."

அந்த வாரமே கண் டாக்டரிடம் போனோம். டாக்டர் சாமுவேல், நாசரேத்துக்காரர். மெதுவாகப் பேசுவார், செய்கிற ஒவ்வொன்றையும் எதற்காகச் செய்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் செய்வார். எனக்கு அது பிடித்தது. எதைப் பார்த்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுக் குடைகிற ஆள் நான். மூடிய இமைமேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். கண்ணுக்கு எதற்கு ஸ்டெதாஸ்கோப் என்றேன். "பின்னால இரத்தக்குழாய் பழுதாகியிருந்தா உள்ள இரைச்சல் கேக்கும். ஒங்களுக்குக் கேக்கல, நல்லது" என்றார். பிறகு விரலை என் கண்ணுக்கு நேராக வைத்து மெல்லக் கீழே இறக்கினார். என் பார்வை விரலோடு இறங்கியது. வலது இமை மட்டும் கொஞ்சம் தாமதித்து, தயங்கித் தயங்கி இறங்கியதாம். அதை அவர் இரண்டு மூன்று முறை செய்து பார்த்தார்.

அடுத்து அலமாரியிலிருந்து ஒரு கருவியை எடுத்தார். சின்ன அளவுகோல், அதன் இரு முனையிலும் சரிவாகப் பதித்த கண்ணாடிகள். அதை என் கண்களின் ஓரத்து எலும்பில் பொருத்திவிட்டு முன்னாலிருந்து பார்த்தார். முன்னால் நின்றுகொண்டே ஒருவருடைய கண்ணைப் பக்கவாட்டில் பார்க்கிற வித்தை அது. இத்தனை வருஷம் முகங்களைப் படம் எடுத்தவனுக்கு இப்படி ஒரு கருவி இருப்பது தெரியாமல் போயிற்றே என்று நினைத்தேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வலது கண் இடது கண்ணைவிட ஐந்து மில்லிமீட்டர் முன்னால் இருந்தது.

"கையை நீட்டுங்க" என்று சொல்லி, விரித்த விரல்கள்மேல் ஒரு வெள்ளைத்தாளைப் போட்டார். தாள் அசையாமல் கிடந்தது. படம் எடுக்கிற கை என்று எனக்குக் கொஞ்சம் பெருமை.

அவருக்குப் பெருமை இல்லை. "இது நடுங்கியிருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும்" என்றார். "நெஞ்சு படபடப்பு உண்டா? மெலிஞ்சு போனீங்களா? சூடு தாங்காம இருக்கா?"

மூன்றும் இல்லை. தூத்துக்குடிச் சூட்டில் யாருக்குத்தான் தாங்கும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்றாள் ரெஜினா.

அவர் விளக்கினார். கழுத்தில், குரல்வளைக்கு முன்னால் தைராய்டு என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அது கெட்டுப்போனால் சிலருக்குக் கண்கள் பிதுங்கும். இமை மேலே ஏறிக்கொள்ளும். என் இமை அப்படித்தான் ஏறியிருந்தது. ஆனால் தைராய்டு கெட்டதற்கான வேறு எந்த அறிகுறியும் என் உடம்பில் இல்லை. அதோடு பெரும்பாலும் இரண்டு கண்ணும் வரும். எனக்கு ஒன்றுதான் வந்திருந்தது.

"ஒத்தைக் கண்ணு முன்னால வந்தா, பின்னால எதாவது வளருதான்னு பாத்தே ஆகணும்" என்றார்.

"வளருதுன்னா?"

"கட்டி."

ரெஜினா என் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். நான் அந்தக் கருவியை மேசைமேல் வைத்துவிட்டேன்.

எப்போது ஆரம்பித்தது என்று தெரிய வேண்டும், பழைய போட்டோ எதாவது கொண்டுவாருங்கள் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரில் பாதிப் பேருடைய முகம் என் நெகடிவ் பெட்டியில் இருக்கிறது. என் முகம் இல்லை. ரெஜினா டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடி எங்கள் கல்யாணப் படத்தையும், அவள் அத்தை மகள் கல்யாணத்தில் வேறொருவர் எடுத்த கூட்டப் படத்தையும் கண்டுபிடித்தாள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முதல் படத்தில் இரண்டு கண்ணும் ஒன்றுபோல் இருந்தன. இரண்டாவதில், கறுவிழிக்கு மேலே வலது பக்கம் மட்டும் நூல் அளவு வெள்ளை. அந்தப் படத்தில் நான் நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்போதே அது ஆரம்பித்துவிட்டது.

டாக்டர் சாமுவேல் அதைப் பார்த்துவிட்டு மெட்ராஸுக்குக் கடிதம் கொடுத்தார். பிலோமினாவை ரெஜினாவின் அக்கா வீட்டில் விட்டோம். ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு ரயில் ஏறினோம்.

மெட்ராஸில் நாங்கள் போய்ச் சேர்ந்த ஆஸ்பத்திரியின் பேர் வேண்டாம். பெரியது, கூட்டம் நிறைந்தது, நல்லவர்கள் நிறைய இருந்த இடம். காத்திருப்பதுதான் முதல் சிகிச்சை. பெஞ்சில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் தன் கண்ணின் கதையைச் சொல்வார். நாம் நம் கதையைச் சொல்வோம். அதற்குள் பெயர் கூப்பிட்டுவிடுவார்கள். ரெஜினா எங்கள் ஊர்ப் பேச்சில் எதாவது கேட்டால் நர்ஸுகள் சிரித்துக்கொண்டே இன்னொரு முறை சொல்லச் சொல்வார்கள். இரண்டே நாளில், "வாரிய, போறிய" என்று அவர்களே எங்களிடம் பேச ஆரம்பித்தார்கள்.

பரிசோதனைகள் ஒவ்வொன்றும் எனக்கு வேடிக்கையாக இருந்தன. பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். பயம் படுக்கையில் படுத்த பிறகுதான் வரும். பகலில் எதாவது ஒரு கருவியின் முன்னால் உட்கார வைத்தால் அதைப் பற்றிக் கேட்பதில் நேரம் போய்விடும். ஒருநாள் கதிர்வீச்சுள்ள அயோடினைத் தண்ணீரில் கலந்து குடிக்கச் சொன்னார்கள். நிறமில்லை, ருசியில்லை. தைராய்டு அயோடினைத் தேடித் தேடி எடுத்துக்கொள்ளும். எவ்வளவு எடுத்தது என்பதைக் கழுத்துக்கு நேரே ஒரு குழாயை வைத்து அளப்பார்கள். என் சுரப்பி எடுக்க வேண்டிய அளவுதான் எடுத்திருந்தது. இரத்தத்தில் அளந்த அதன் சுரப்புநீரும் சரியாக இருந்தது.

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டியபோது நானும் எட்டிப் பார்த்தேன். கண்குழியின் எலும்பு இரண்டு பக்கமும் சுத்தமாக இருந்தது. கண்ணுக்குப் பின்னால் சதை, கொழுப்பு, நரம்பு எல்லாம் இருக்கின்றன. ஆனால் அவை எக்ஸ்ரேயில் நிழல் விழாத பொருள்கள். கட்டி ஒன்று அங்கே இருந்தாலும் அதற்கும் நிழல் விழாது. படத்தில் தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது. என் தொழிலில் நான் நன்றாக அறிந்த விஷயம்தான். என் தலைக்குள்ளேயே அதைப் பார்க்க நேர்ந்தது புதுசு.

பெரிய சர்ஜன் வந்தார். வெள்ளை மீசை, சுருக்கமான பேச்சு. கண்ணின் ஓரத்து எலும்பைத் திறந்து உள்ளே பார்க்க வேண்டும் என்றார். கட்டி இருந்தால் எடுப்போம். அது எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்து, கண்ணையும் சேர்த்து எடுக்க வேண்டி வரலாம்.

அவர் போன பிறகு பக்கத்துக் கட்டிலில் இருந்த பலராமன் என்னிடம் திரும்பினார். செங்குன்றத்துக்காரர், லாரி டிரைவர். அவருக்கும் ஒரு கண் என்னுடையதைப் போலவே பிதுங்கியிருந்தது. எனக்கு இரண்டு நாள் முன்னால் வந்து சேர்ந்தவர்.

"எனக்கும் அதேதான் சொன்னாரு. நாளைக்கு எனக்கு" என்றார். "நீ எதுக்கு அந்த டாக்டருங்ககிட்ட அவ்ளோ கேள்வி கேக்குற?"

"தெரிஞ்சுக்கணும்னு ஆசையா இருக்கு."

"எனக்குத் தெரிய வேணாம்பா. முடிஞ்சப்புறம் சொன்னா போதும்."

அவரை மறுநாள் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தபோது முகத்தில் பாதி கட்டுக்குள் இருந்தது. கட்டி இருந்தது, கெட்ட கட்டி, கண்ணும் போய்விட்டது. அவர் மனைவி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அவர் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாள். ரெஜினா அவளுக்கும் சேர்த்துச் சாப்பாடு வாங்கி வந்தாள். அந்த அம்மா சாப்பிடவில்லை. ஆனால் ரெஜினாவின் கையை விடவும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் பத்மா வந்தார். அவர் வார்டு டாக்டர் இல்லை. இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிற இளவயதுப் பெண். தானே ஊசியோடு வந்து இரத்தம் எடுத்தார்.

"உங்க இமையைப் பாத்தா எனக்குத் தைராய்டு சந்தேகம் போகலை" என்றார். "சுரப்பி சரியாத்தான் வேலை செய்யுது. ஆனா உடம்பு அதுமேல சண்டைக்கு நிக்குதான்னு பாக்கலாம்னு பெரிய டாக்டர்கிட்ட கேட்டேன். பாருன்னுட்டார்."

"என் உடம்பு என் சுரப்பி மேலயா?"

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். வெளியிலிருந்து கிருமி வந்தால், அதைப் பிடிக்க உடம்பு ஒரு புரதத்தை உண்டாக்கும். அதன் பேர் ஆன்டிபாடி. எதிர்ப்பொருள் என்று வைத்துக்கொள்ளலாம். அம்மைக்கு ஒன்று, டைபாய்டுக்கு ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. எப்போதாவது சிலருடைய உடம்பு தன்னுடைய ஒரு பாகத்தையே அயலான் என்று நினைத்து, அதற்கு எதிராகவும் இதை உண்டாக்கிவிடும். தைராய்டுக்கு எதிரான பொருள் இரத்தத்தில் இருந்தால், கண்ணில் நடப்பதும் அதே குழப்பத்தின் இன்னொரு கை என்று நினைக்க இடமிருக்கிறது. அந்த நோயில் கண்ணை அசைக்கிற தசைகள் வீங்கிக் கண்ணை முன்னால் தள்ளும். கட்டி எதுவும் இருக்காது.

"இருந்தா?" என்றாள் ரெஜினா.

"இருந்தா, அவசரமா எலும்பைத் திறக்க வேண்டாம்னு வாதாடிப் பாப்பேன்."

நான் ஆய்வுக்கூடத்துக்கு வந்து பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "வாங்க. எதையும் தொடக்கூடாது."

முதல் பரிசோதனைக்கு ஆட்டு இரத்தம் தேவைப்பட்டது. ஆட்டின் சிவப்பணுக்களை டானின் கலந்த நீரில் நனைத்து, தைராய்டில் இருக்கும் ஒரு பொருளை அவற்றின்மேல் பூசுகிறார்கள். டானின் என்றால் தோல் பதனிடுகிற பட்டையில் இருக்கிற துவர்ப்பு. எங்கள் கரையில் நூல்வலையை அதே மாதிரிப் பட்டையைக் காய்ச்சிய சாயத்தில்தான் முக்கி எடுப்பார்கள் என்றேன். "அதே குடும்பம்தான். இங்கே வலை கொஞ்சம் சின்னது" என்றார் டாக்டர் பத்மா.

வரிசையாகக் குழிகள் கொண்ட ஒரு தட்டு. முதல் குழியில் என் இரத்தத்தின் தெளிந்த நீர். அடுத்ததில் அதில் பாதி வீரியம், அதற்கடுத்ததில் பாதியின் பாதி. கேமராவில் வெளிச்சத்தைக் குறைப்பதும் இதே முறைதான். ஒவ்வொரு திருகலுக்கும் பாதி. எல்லாக் குழியிலும் அந்த அணுக்களை விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். எதிர்ப்பொருள் இருந்தால் அணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அடியில் பாய் விரித்த மாதிரிப் பரவும். இல்லையென்றால் வழுக்கி நடுவில் வந்து ஒரு பொத்தான் மாதிரிக் குவியும்.

பொத்தான்கள்தான் இருந்தன. முதல் குழியிலிருந்து கடைசிக் குழிவரை சிவப்பாக, அழகாக, ஒரே அளவில்.

"இல்லை" என்றார்.

சர்ஜன் வருகிற செவ்வாய்க்கிழமை எனக்கு ஆபரேஷன் என்று முடிவு செய்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் பலராமன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். "ஏம்பா போட்டோக்காரரே, லைசென்ஸுக்கெல்லாம் இனிமே வேலையில்ல. ஆனா பொண்ணு கல்யாணத்துல போட்டோ எடுப்பாங்கல்ல. நான் எப்டி நிக்கணும்?"

நான் எழுந்து போய் அவர் தாடையைப் பிடித்து மெல்லத் திருப்பினேன். முக்கால் முகம், கட்டுப் போட்ட பக்கம் ஜன்னலுக்கு எதிர்ப்புறம், தோள் சற்று முன்னால். "இப்படி நின்னா போதும். மணமேடைக்கு வலது ஓரத்துல நில்லுங்க."

அவர் அப்படியே கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தார். அவர் மனைவி அவரைப் பார்த்து, "நல்லாத்தான் கீது" என்றாள். அந்த அம்மா பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

டாக்டர் பத்மா முதல் பரிசோதனையோடு விடவில்லை. தைராய்டில் இருப்பது ஒரே ஒரு பொருள் அல்ல. நாங்கள் தேடியது சுரப்பி சேமித்து வைக்கிற பண்டத்துக்கு எதிரானதை. சுரப்பியின் அணுக்களுக்குள்ளே இருப்பதற்கு எதிராக இன்னொரு வகை உண்டு. பல பேருக்கு முதலாவது இருக்காது, இரண்டாவது இருக்கும். அதைப் பார்க்க மனிதத் தைராய்டின் ஒரு துண்டு வேண்டும். உடனே உறைய வைத்து மெல்லிசாகச் சீவியதாக இருக்க வேண்டும். யாருக்காவது கழுத்துக்கழலை ஆபரேஷன் நடந்தால், எடுத்து எறிகிற சதையில் ஒரு சின்னத் துண்டு கேட்டு வாங்கலாம். செவ்வாய்க்கு முன்னால் அப்படி ஒரு ஆபரேஷன் நடக்க வேண்டும்.

எங்கள் கவலை முழுக்க யாரோ ஒருவருடைய கழுத்துக்குப் போய்விட்டது. பெண்கள் வார்டில் கழலையோடு ஒரு அம்மா இருப்பதாக ரெஜினா கேட்டு வந்து சொன்னாள். தேதி இன்னும் முடிவாகவில்லையாம். அன்றிலிருந்து அவள் செபமாலையில் அந்த அம்மாவையும் சேர்த்துக்கொண்டாள்.

"என்னன்னு செபிக்க?" என்று கேட்டேன்.

"அந்த அம்மாவுக்கு நல்லபடியா நடக்கணும்னு."

"அவ்வளவுதானா?"

"சீக்கிரமா நடக்கணும்னும் சொல்லுதேன். சேசுவுக்கு எல்லாம் தெரியும், மறைச்சு என்ன பண்ண?"

சனிக்கிழமை அந்த அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்தது. ரெஜினா போய்ப் பார்த்து ஆரஞ்சுப் பழம் கொடுத்துவிட்டு வந்தாள். எதற்கு என்று அந்த அம்மாவுக்குக் கடைசிவரை புரிந்திருக்காது.

திங்கட்கிழமை மத்தியானம் டாக்டர் பத்மா ஆள் அனுப்பினார். ஆய்வுக்கூடத்தின் பின்னால் ஒரு சின்ன அறை. கதவிடுக்கிலெல்லாம் கறுப்புத் துணி. உள்ளே போனதும் எனக்குச் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. அது இருட்டறை. சிவப்பு விளக்குக்குப் பதிலாக நுண்ணோக்கியின் பின்னால் ஒரு விளக்கு சூடாக எரிந்துகொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதா வெளிச்சம் அதிலிருந்து வருகிறது என்றார்.

சீவிய தைராய்டுத் துண்டின்மேல் என் இரத்த நீரை ஊற்றியிருந்தார். எதிர்ப்பொருள் இருந்தால் அணுக்களில் போய் ஒட்டிக்கொள்ளும், கழுவினாலும் போகாது. ஆனால் அது கண்ணுக்குத் தெரியாது. அதனால் அதன்மேல் போய் ஒட்டக்கூடிய இன்னொரு பொருளை ஒளிரும் சாயத்தோடு சேர்த்து ஊற்றுவார்கள். அந்தச் சாயம் ஊதா வெளிச்சம் பட்டால் பச்சையாக எரியும். எங்கே பச்சை தெரிகிறதோ அங்கே என் எதிர்ப்பொருள் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

"முதல்ல இதைப் பாருங்க" என்றார்.

நுண்ணோக்கிக்கு ஒரே ஒரு கண்வைக்கும் குழாய்தான். நான் இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணை வைத்தேன். இந்த வழக்கே அதனுடையது, அதுவே பார்க்கட்டும் என்று தோன்றியது. ஒன்றும் தெரியவில்லை. மங்கலான கறுப்பு.

"எதுவும் இல்லையே டாக்டர்."

"இருக்காது. அது என்னோட இரத்தம். ஒப்பிட்டுப் பாக்க வெச்சது. இப்ப உங்களோடது."

கண்ணாடித் துண்டை மாற்றி வைத்தார்.

கறுப்புக்குள் பச்சை எரிந்தது. வட்ட வட்டமாக, ஒவ்வொரு வட்டமும் சின்னச் சின்ன அணுக்களைக் கோத்ததுபோல், நடுவில் இருட்டுக் குழி. நான் ஆயிரக்கணக்கான முகங்கள் ரசாயனத் தட்டில் மெல்ல எழுந்து வருவதைப் பார்த்தவன். ஒன்றிலும் எனக்கு இப்படி மூச்சு நின்றதில்லை. நான் பிறந்ததிலிருந்து என்னுள்ளே ஓடிக்கொண்டிருந்த இரத்தம், ஊர் பேர் தெரியாத ஒரு அம்மாவின் சதைமேல் இப்படி ஒளிவிட்டுக்கொண்டிருந்தது.

"இதுதானா என் கண்ணைத் தள்ளுறது?" என்று கேட்டேன்.

"அப்படிச் சொல்ல முடியாது" என்றார். "மணல்ல கால்தடம் இருக்கு. ஆள் வந்திருக்கான்னு தெரியுது. கதவை உடைச்சது அவனேதானா, கூட வந்த இன்னொருத்தனான்னு யாருக்கும் இன்னும் தெரியலை. இது அடையாளம், அவ்வளவுதான். நோய் இல்லாத சில பேர் இரத்தத்துலகூட இது இருக்கும். ஆனா உங்க இமையும் இதுவும் சேர்ந்தா, எனக்குப் போதும்."

"கழுத்துல இருக்கிறதோட சண்டைன்னா, கண்ணுக்கு ஏன் வரணும்?"

"தெரியாது."

"அதுவும் ஒத்தைக் கண்ணுக்கு?"

"அதுவும் தெரியாது. தெரிஞ்சா உங்களுக்கு எழுதுறேன்" என்று சிரித்தார்.

தெரியாது என்று ஒரு டாக்டர் அவ்வளவு இயல்பாகச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு அது ஆறுதலாக இருந்தது. ஏன் என்று இப்போதும் சரியாகச் சொல்ல முடியவில்லை.

சாயங்காலம் சர்ஜன் வந்தார். மறுபடி என் இமையைப் பார்த்தார். விரலைக் கீழே இறக்கிப் பார்த்தார். டாக்டர் பத்மா பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு ஆபரேஷன் இல்லை" என்றார் சர்ஜன். "மாத்திரை கொடுத்துப் பாக்கிறேன். வீக்கம் தசையிலன்னா, மாத்திரைக்கு வத்தும். வத்தலைன்னா திறந்து பாக்கத்தான் செய்வேன்."

"அப்போ கட்டி இல்லைங்களா டாக்டர்?" என்றாள் ரெஜினா.

"இல்லைன்னு சொல்லலம்மா. இருக்க வாய்ப்பு கம்மி."

அவர் போன பிறகு ரெஜினா வராந்தாவுக்குப் போனாள். திரும்பி வர நேரமாயிற்று. வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தாள். பலராமனின் கட்டிலைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டே வந்தாள். எங்களுக்கு வந்த நல்ல செய்தியை அவர்கள் முன்னால் எப்படி வைத்துக்கொள்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. பலராமனே, "தப்பிச்சே போ" என்றார். உண்மையான சந்தோஷத்தோடுதான் சொன்னார்.

மாத்திரை ஸ்டீராய்டு. அது வீக்கத்தை அடக்கும். கூடவே பசியைக் கிளப்பும், தூக்கத்தைக் கெடுக்கும், முகத்தை உருட்டிவிடும். சில நாளில் கண்ணுக்குள் இருந்த அழுத்தம் குறைந்தது எனக்கே தெரிந்தது. சிவப்பு வாடியது. வாரங்கள் போயின. கண்ணாடிக் கருவியை வைத்து அளந்தபோது ஒரு மில்லிமீட்டர் பின்னால் போயிருந்தது. அப்புறம் இன்னும் கொஞ்சம். சர்ஜன் மீசைக்குள் லேசாகச் சிரித்து, "ஊருக்குப் போங்க. சாமுவேல் பாத்துக்கட்டும்" என்றார்.

ஊரில் எனக்கு வைத்தியம் பார்த்தது ரெஜினாதான். படுத்தால் கண் வீங்கும் என்பதால் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தினாள். படுக்கப் போகும்போது கண்ணில் களிம்பு போட்டு, இமையை இழுத்து மூடிப் பிளாஸ்திரி ஒட்டுவாள். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவனுக்கு உப்பு ஆகாது. ஊரைச் சுற்றி உப்பளம். என் தட்டில் மட்டும் உப்பில்லாச் சோறு. முதல் வாரம் எனக்காக அவளும் உப்பில்லாமல் சாப்பிட்டாள். பிறகு, "என்னால முடியல, நீங்க அந்தப் பக்கம் திரும்பிச் சாப்பிடுங்க" என்று ஊறுகாய்ப் பாட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நாங்கள் இருவரும் அவ்வளவு சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். குறைக்கும்போது ஒரு தடவை வீக்கம் மறுபடி வந்தது. அந்த வாரம் முழுக்க எலும்பைத் திறக்கும் ஆயுதங்களைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் சாமுவேல் மாத்திரையைக் கூட்டினார், வீக்கம் இறங்கியது. இந்த நோய்க்கு ஏறுகிற காலம், நிற்கிற காலம், இறங்குகிற காலம் என்று உண்டு, பொறுக்க வேண்டும் என்றார். ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இரட்டையாகத் தெரிவது மெல்ல விலகியது. இப்போதும் தலையை ஆட்டாமல் கண்ணை மட்டும் உயர்த்தினால் மாதா கோயில் கோபுரம் இரண்டு தெரியும். பென்சிலுக்கு ஒரு முனைதான். தைராய்டு பின்னால் எப்போது வேண்டுமானாலும் தன் வேலையைக் காட்டலாம் என்பதால் வருஷத்துக்கு ஒருமுறை இரத்தம் பார்க்கிறார்கள். இதுவரை காட்டவில்லை.

இந்தப் பாடெல்லாம் பட்டபோது, இதைப் பட்டு மீண்ட ஒருவரையும் நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் பாதிப் பயம் குறைந்திருக்கும். அதை டாக்டர் சாமுவேலிடம் ஒருநாள் சொன்னேன். அவர் அதை மனதில் வைத்துக்கொண்டார்.

போன மாதம் மாப்பிள்ளையூரணியிலிருந்து ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். டாக்டர் அனுப்பினார் என்றார்கள். பெண்ணின் பேர் செல்வி. இருபது வயது இருக்கும். இரண்டு கண்ணும் விரிந்து நின்றன. தலைகுனிந்தே உட்கார்ந்திருந்தாள்.

"யாரைப் பாத்தாலும் மொறைக்கான்னு சொல்லுதாவ அண்ணாச்சி" என்றாள் அம்மா. "பொண்ணு பாக்க வந்தவுக, இவளுக்குத் திமிருன்னு சொல்லிட்டுப் போயிட்டாவ. பேய் புடிச்சிருக்குன்னு இன்னொருத்தி சொல்லுதா."

ரெஜினா காப்பி கொண்டுவந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சுரப்பியைப் பற்றி, இரத்தத்தில் தேடுகிற அடையாளத்தைப் பற்றி, பச்சையாக எரிந்ததைப் பற்றி, மாத்திரை, செங்கல், பிளாஸ்திரி, உப்பில்லாச் சோறு. திமிரும் இல்லை, பேயும் இல்லை, தசை வீக்கம் என்றேன். ஏன் வருகிறது என்று கேட்டாள். தெரியாது, டாக்டர்களுக்கே இன்னும் தெரியாது என்றேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தலையை நிமிர்த்தியிருந்தாள். என்னை நேராகப் பார்த்தாள்.

"ஒங்களுக்கு எந்தக் கண்ணு அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"நீயே பாத்துச் சொல்லு" என்றேன்.

அவள் எழுந்து வந்து என் முன்னால் நின்றாள். ஜன்னல் வெளிச்சம் என் முகத்தில் விழும்படி கொஞ்சம் விலகிக்கொண்டாள். அம்மாவும் எழுந்து வந்து பார்த்தாள். இருவரும் மாறி மாறிப் பார்த்தார்கள். ரெஜினா காப்பித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

செல்வி தயங்கித் தயங்கி விரலை நீட்டி, என் இடது கண்ணைக் காட்டினாள்.